பொடிக்கு நீளம் கிடையாது

தாராவியில் தொண்ணூறடி ரோட்டை விட்டு உள்ளே திரும்பும் ஒரு சந்தில் சுயம்பு கருவாட்டுக் கடை வைத்திருந்தார். பம்பாய்க் கடலில் கிடைக்கும் பொம்பில், நெத்திலி, வாளை, கிடைக்கிற நாளில் கொஞ்சம் சுறாத் துண்டு. இவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் போனது கூனி. நகத்தளவு இறால், காய்ந்தால் அந்த அளவும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க வழியில்லாத வீடுகளில் ஒரு கை கூனியை வறுத்துத் தேங்காயோடு அரைத்து வைத்தால் பிள்ளைகள் தட்டில் சோற்றை மிச்சம் வைப்பதில்லை. கடைக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர்களிடம் சரக்கை நிறுத்துக் கொடுப்பது சுயம்புவின் மனைவி ஆறுமுகத்தாய். சரக்கு பிடித்து வருவது சுயம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சந்து முனையில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கி வந்த இன்ஸ்பெக்டரின் கையில் நீல நிற அளவுகோல் ஒன்று இருந்தது. மேலைக் கடலோர மீன்வள நிலைப்பேற்று ஆணையத்திலிருந்து வருவதாக அவர் இந்தியில் சொன்னார். குஞ்சு மீன்களைப் பிடித்துப் பிடித்துக் கடல் காலியாகிக்கொண்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் குறைந்தபட்ச நீளம் என்று ஒன்று விதிக்கப்பட்டிருக்கிறது. அதைவிடக் குட்டையான மீனை விற்பது குற்றம் என்று விளக்கினார். சுயம்புவுக்கு அது நியாயமாகவே பட்டது. குஞ்சை அள்ளினால் நாளைக்கு மீன் ஏது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதனால் இன்ஸ்பெக்டருக்கு அரை கிளாஸ் டீ, ஒரு கட்டிங் சாய், சொல்லிவிட்டு, அவர் அளப்பதற்குத் தோதாகப் பொம்பில்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தார்.

ஒரு பொம்பில்கூடத் தேறவில்லை. காய்ந்தால் எந்த மீனும் சுருங்கும் என்றும், கடலில் இருந்தபோது இவை எல்லாம் நல்ல நீளமாகவே இருந்திருக்கும் என்றும் சுயம்பு சொல்லிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் விதிகளைத் தன் செல்போனில் தேடிப் படித்தார். மீன் என்று இருக்கிறதே தவிர, ஈரமானதா காய்ந்ததா என்று அதில் இல்லை. பிறகு அவர் பார்வை கூனி மூட்டையின் மேல் போனது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவருக்கு முகம் வாடிவிட்டது. இத்தனை இறால் குழந்தைகளா என்று கேட்டார். இவை குழந்தைகள் இல்லை, இந்தச் சாதி இவ்வளவுதான் வளரும், இதில் பேரன் பேத்தி எடுத்ததெல்லாம் உண்டு என்றார் சுயம்பு. அப்படியானால் பேரன் எடுத்தது எது என்று காட்டும்படி இன்ஸ்பெக்டர் கேட்டார். சுயம்பு கொஞ்ச நேரம் தேடினார். அவரால் காட்ட முடியவில்லை.

கடையில் இருந்த சரக்கு முழுவதும் ஜீப்பில் ஏறியது.

ஆணையத்தின் அலுவலகம் செம்பூரில் இருந்தது. அங்கே நான்கைந்து முறை போய், வாசலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிய பிறகு, இணை இயக்குநர் ஒரு தமிழர் என்று காவலாளி ஒருவர் மூலம் சுயம்புவுக்குத் தெரியவந்தது. பெயர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். சுயம்பு கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து தமிழில் கும்பிட்டதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கோ, வாங்கோ. இந்த ஆபீஸ்ல ஒரு மீன்காரரைப் பார்க்கறது எனக்கு இதுதான் முதல் தடவை. நான் சுத்த சைவம். மீன் வாசனை எப்படி இருக்கும்னுகூடத் தெரியாது. அதனாலதான் என்னை இந்த சீட்டுல போட்டிருக்கா. பாரபட்சம் வந்துடப்படாது, பாருங்கோ."

சுயம்பு கருவாடு சுருங்கும் விஷயத்தைச் சொன்னார். வேங்கடசுப்ரமணியன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வத்தல் போடும்போது வெண்டைக்காய்கூடச் சுருங்கத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டார். இவ்வளவு முக்கியமான ஒரு விஷயத்தை ஆணையம் இத்தனை நாள் கவனிக்கவில்லையே என்று வருந்தினார். வருத்தம் உண்மையானது என்பது முகத்தில் தெரிந்தது. உடனே உதவியாளரைக் கூப்பிட்டுச் சுருக்கம் குறித்த துணைக்குழு ஒன்றை அமைத்தார். அதில் கடலோரச் சமூகத்தின் பிரதிநிதியாகச் சுயம்புவையே உறுப்பினராகவும் போட்டார். சுயம்பு பிறந்தது சங்கரன்கோவில் பக்கம்; கடலை முதன்முதலில் பார்த்தது பம்பாய்க்கு வந்த பிறகுதான். அதை அவர் சொல்ல வாயெடுப்பதற்குள் இணை இயக்குநரும் உதவியாளரும் கைதட்டிவிட்டார்கள்.

பிடிபட்ட சரக்கு எப்போது திரும்பக் கிடைக்கும் என்று சுயம்பு கேட்டதற்கு, உறுப்பினராகிவிட்ட ஒருவர் சொந்த விஷயம் பேசுவது முறையாகாது என்று பதில் வந்தது.

துணைக்குழுவின் முதல் கூட்டம் சான்பாடாவில் ஒரு ஓட்டலில் நடந்தது. பேச்சு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் சுயம்பு மகள் ஷாலினியை அழைத்துப் போனார். அவள் செம்பூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். அன்று அவளுக்கு வார விடுமுறை. மேடையில் ஆலோசகர் ஜகந்நாதன் பேசினார். நிலைப்பேறு பற்றி ஏழெட்டு நாடுகளில் பேசியவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். சமூகப் பிரதிநிதிக்கு மரியாதை செய்யும் விதமாக அவர் பேச்சின் நடுவே ஒரு பகுதியை மட்டும் தமிழில் சொன்னார்.

"கடலோர சமூகம் இல்லாம கடலோர மேலாண்மை இல்ல. ஆனா ஆக்சுவலா இப்ப இருக்கற சமூகம் தற்செயலா இருக்கு. மீன் இருக்குன்னு அங்க போய் உக்காந்துட்டாங்க. அதுல திட்டமே கிடையாது. நாம முதல்ல திட்டம் போட்டு, அதுக்கேத்த மாதிரி ஒரு சமூகத்த உருவாக்கணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். சுயம்புவும் தட்டினார்.

மதியச் சாப்பாட்டில் விரல் நீளப் பாப்லெட்டுகளை, அதாவது வாவல் மீனை, முழுசாகப் பொரித்து அடுக்கியிருந்தார்கள். ஷாலினி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜகந்நாதனிடம் போய், சார், இது அந்த அளவுக்கு வராதே என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "தட்டுல இருக்கறது மீன் இல்லம்மா, மெனு. மெனு ஓட்டல் டிபார்ட்மெண்ட்ல வருது" என்றார்.

துணைக்குழு சில மாதங்களில் ஒரு முடிவுக்கு வந்தது. காயப்போடும் முன் ஒவ்வொரு மீனையும் அளந்து, ஈர நீளத்தை ஒரு சீட்டில் குறித்து, அந்தச் சீட்டை மீனோடு கட்டிவிட வேண்டும். கருவாடு கடைக்கு வரும்போது சீட்டில் உள்ள நீளமே அதன் நீளமாகக் கொள்ளப்படும். சுயம்புவுக்கு இது வெற்றி மாதிரித் தோன்றியது. மட் தீவுக்குப் போய் மங்களாபாயிடம் சொன்னார்.

மங்களாபாய்தான் அவருக்குப் பல வருஷமாகச் சரக்குத் தருகிற கோளி மீனவப் பெண். அவள் புருஷன் சின்னப் படகில் போய் வலை கட்டிப் பிடித்து வருவான். அவள் மூங்கில் கழிகளைக் கட்டிப் பொம்பிலை வாயோடு வாய் கோத்துக் காயப்போடுவாள். கழிகளில் தொங்கும் பொம்பில்கள் கடற்கரை நெடுகத் திரை போட்டதுபோல இருக்கும். சுயம்பு சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் அந்தத் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து அளந்து சீட்டுக் கட்டினார்கள். காகிதச் சீட்டு ஈரத்தில் ஊறிக் கிழிந்தது. பிளாஸ்டிக் சீட்டு கட்டினார்கள். அளந்து முடிப்பதற்குள் பாதி மீன் வெயில் படாமல் அழுகியது. மிச்சம் தாராவிக்கு வந்து சேர்ந்த வாரத்தில் மாநகராட்சி ஆட்கள் வந்து, தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக்கைக் கடையில் வைத்திருந்ததற்காகச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் நீல அளவுகோல் வந்து, சீட்டில்லாத மீன்களை எடுத்துக்கொண்டு போனது.

எடுத்துப்போன கருவாடெல்லாம் எங்கே போகிறது என்பது சுயம்புவுக்குத் தற்செயலாகத் தெரியவந்தது. பன்வேலைத் தாண்டி ஒரு மீன் தீவன ஆலைக்கு மூட்டை இறக்கப் போன ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அங்கே மலைபோல் குவிந்து கிடந்ததாம். அதில் பாதி, பெரிய விசைப்படகுகள் இரவில் லைட் போட்டு அரித்து வந்த குஞ்சு மீன். ஒரு மூலையில் ஆணையத்தின் முத்திரை போட்ட கருவாட்டு மூட்டைகள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, பண்ணை மீன்களுக்குத் தீவனமாக்குகிறார்களாம்.

சுயம்பு மறுபடி செம்பூருக்குப் போனார். அவர் உறுப்பினர் என்பதால் இந்த முறை வாசலில் உட்காரவைக்கவில்லை. விரல் நீளப் பொம்பிலை நான் விற்றால் குற்றம், அதே பொம்பிலை ஆலை அரைத்தால் குற்றமில்லையா என்று கேட்டார். வேங்கடசுப்ரமணியன் சட்டத்தை எடுத்துப் பொறுமையாகப் புரட்டினார்.

"இது சின்ன விஷயம், நீங்கோ குழப்பிக்கறேள். மீனுக்கு நீளம் உண்டு. பொடிக்கு நீளம் கிடையாது."

"அப்பம் நானும் பொடிச்சே வித்துருதேன் சார்."

"மனுஷா சாப்பிடற பொடி நம்ம ஆணையத்துல வராது. அதுக்கு உணவுத் துறை லைசென்ஸ் வேணும். அவா, மீன் எவ்வளவு நீளம்னு முதல்ல நம்மகிட்டக் கேப்பா."

சுயம்பு எழுந்திருக்கும்போது அவர் தோளில் தட்டி, உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது என்றார். கருவாடு ஒரு முடிந்துபோன காலம். இனிமேல் வளர்ப்பு மீன்தான். கடலைக் கடலாகவே விட்டுவிட்டுக் கழிமுகத்தில் கூண்டு மிதக்கவிட்டு மீன் வளர்க்கப்போகிறோம். உங்களுக்குத் தெரிந்த மீனவக் குடும்பம் இருந்தால் சொல்லுங்கள், முதல் கூண்டை அவர்களுக்கே தருகிறோம் என்றார். சுயம்பு மங்களாபாயின் பெயரைச் சொன்னார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

கூண்டு பெறுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. படகை ஒப்படைக்க வேண்டும். மங்களாபாயின் புருஷன் இரண்டு நாள் யோசித்தான். சீட்டுக் கட்டிக் கட்டி அந்த வருஷ வருமானம் போயிருந்தது. மூன்றாம் நாள் படகைக் கொண்டுபோய் விட்டான். ஜேசிபி ஒன்று வந்து, போட்டோ எடுப்பதற்காக மெதுவாக அதை நொறுக்கியது. கடல் மீதான அழுத்தம் ஒரு படகு அளவுக்குக் குறைந்ததாக ஜகந்நாதன் அங்கேயே அறிவித்தார்.

கூண்டில் கொடுவாக் குஞ்சு விட்டார்கள். தீவனம் ஆணையமே தந்தது. மங்களாபாய் முதல் மூட்டையைப் பிரித்தபோது முகர்ந்து பார்த்துவிட்டுச் சுயம்புவுக்குப் போன் செய்தாள். இது நம்ம பொம்பில் வாசனை என்றாள். இருந்தாலும் மீன்கள் தின்று நன்றாக வளர்ந்தன. அவள் புருஷன் காலையும் மாலையும் போய்க் கூண்டருகில் உட்கார்ந்திருப்பான். கொடுவா ஒரு முழத்துக்குக் கிட்டே வந்ததும் ஆணையம் அறுவடை விழாவுக்கு நாள் குறித்தது. சுயம்புவும் ஆறுமுகத்தாயும் அழைக்கப்பட்டார்கள்.

விழாவுக்கு முந்தின நாள் வருஷத்தின் முதல் மழை அடித்துப் பெய்தது. நகரத்துச் சாக்கடைகளில் கோடை முழுக்கத் தேங்கியிருந்ததெல்லாம் கழிமுகத்தில் வந்து இறங்கியது. காலையில் பந்தலுக்கு வந்தவர்கள் பார்த்தபோது கூண்டு முழுக்க வெள்ளை வயிறுகள் மிதந்தன. மங்களாபாய் முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதாவது ஒன்றாவது துடிக்காதா என்று. அவள் புருஷன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

விழாவை நிறுத்தவில்லை. பேண்டு வாத்தியம் முழங்கியது. இன்ஸ்பெக்டர் நீல அளவுகோலுடன் வந்து செத்த மீன்களை அளந்தார். அளந்து முடித்ததும் ஒரு காகிதத்தை வேங்கடசுப்ரமணியனிடம் கொடுத்தார். அதைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்தது. மைக்கைப் பிடித்தார்.

"நேத்து வரைக்கும் மீன் செத்துதுன்னா யாரோ பிடிச்சிருக்கான்னு அர்த்தம். இன்னிக்கு இங்கே வலை இல்லை, படகு இல்லை, ஒருத்தரும் பிடிக்கலை. ஒரு மீன்கூட சட்ட நீளத்துக்குக் குறையலை. மீன்பிடி அழுத்தமே இல்லாம கிடைச்ச முதல் அறுவடை இதுன்னு நான் பெருமையா சொல்றேன்."

கூட்டம் கலையும்போது மங்களாபாய் நனைந்த புடவையோடு சுயம்புவிடம் வந்தாள். அந்தச் சாகேப் உங்கள் பாஷைக்காரர்தானே, எங்கள் படகைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுச் சொல் என்றாள். படகு நொறுங்கியது அவளுக்குத் தெரியும். இருந்தும் கேட்டாள். சுயம்பு போய்க் கேட்டார். படகுகளின் எண்ணிக்கை குறைந்ததுதான் இந்த ஆண்டின் பெரிய சாதனை, அதைத் திருப்பிக் கொடுத்தால் சாதனையைத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும் என்று வேங்கடசுப்ரமணியன் சொன்னார். சுயம்பு திரும்பி வந்து, கேட்டிருக்கிறேன் என்று மட்டும் மங்களாபாயிடம் சொன்னார். சில வாரம் கழித்து அவள் புருஷன் மலாடில் ஒரு பில்டிங்குக்கு வாட்ச்மேனாகப் போனான். மூங்கில் கழிகளை அவள் விறகுக்கு விற்றாள். அதற்குப் பிறகு சுயம்பு போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

சரக்கில்லாத கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சுயம்புவும் ஆறுமுகத்தாயும் உட்கார்ந்திருந்தார்கள். ஆணையம் அவர்களை மறக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் என்ற திட்டத்தில் சுயம்புவுக்கு மீன் தீவன ஏஜென்சி கொடுத்தது. தாராவியில் குளமோ கூண்டோ இல்லை, குடிக்கிற தண்ணீரே காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது என்று அவர் சொன்னார். தேவை என்பது வழங்கலுக்குப் பின்னால் தானாக வரும் என்று ஜகந்நாதன் விளக்கினார். தீவன மூட்டைகள் வந்து இறங்கின.

தூளாக இருந்த தீவனம். மூட்டையைத் திறந்ததும் சந்து முழுக்க வறுத்த கூனி வாசனை பரவியது. பின்வரிசையில் இருக்கும் விஜயலட்சுமி முதலில் வந்தாள். திலக் நகரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள், புருஷன் இல்லை, ஒரு சின்னப் பையன்.

"கூனிப்பொடி வந்துட்டா அண்ணாச்சி?"

"இது மீனுக்குப் போடுறது தாயி. மனுசருக்கு இல்ல."

"மீனு கூனியத்தான திங்கும். அதத்தான நாமளும் திங்கோம்."

சுயம்பு கொடுக்கவில்லை. அவள் மறுநாளும் வந்தாள். கூடவே வேறு இரண்டு பெண்களும் வந்தார்கள். கருவாடு நின்றுபோனதிலிருந்து பிள்ளைகள் வெறும் ரசத்தோடு சாப்பிட மறுப்பதாகச் சொன்னார்கள். ஆறுமுகத்தாய் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் கசப்புத் தட்டினாலும் கூனிதான் என்றாள். வீட்டு வாடகைக்கு நாள் நெருங்கியிருந்தது. சுயம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் நிறுத்துக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அந்தச் சந்தில் எல்லா வீட்டு அம்மியிலும் மீன் தீவனம் அரைபட்டது.

தாராவியில் தீவனம் போகிற வேகத்தைப் பார்த்து ஆணையம் திகைத்துப்போனது. மாநிலத்திலேயே எந்தப் பண்ணையும் அவ்வளவு வாங்கவில்லை. ஜகந்நாதன் ஒரு குழுவோடு நேரில் வந்தார். சந்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம் இருந்தது. அவர் ஒரு டிரம்மை எட்டிப் பார்த்தார். பிறகு அந்த வரிசை முழுவதையும் பார்த்தார். குடும்ப அளவிலான தொட்டி முறை என்று தன்னோடு வந்தவர்களிடம் சொன்னார். இது மட்டும் உலகத்துக்குத் தெரிந்தால் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த ஆண்டின் சிறந்த மீன்வளர்ப்புப் பகுதி என்ற விருது தாராவிக்குக் கிடைத்தது. மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் சுயம்புவுக்குச் சால்வை போர்த்தினார்கள். போர்த்திய வேங்கடசுப்ரமணியன் காதருகே குனிந்தபோது சுயம்பு உண்மையைச் சொல்லிவிட்டார்.

"சார், அந்தத் தீவனத்த சனங்கதான் திங்குது."

வேங்கடசுப்ரமணியன் சிரித்தார். மைக்கில் அதைச் சபைக்கும் சொன்னார். "பாருங்கோ, இவர் மீனைக்கூட ஜனங்கன்னுதான் சொல்றார். இந்தப் பாசம்தான் நிலைப்பேறு." மண்டபம் நெடுநேரம் கைதட்டியது.

விருதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில்தான் வாசலில் கால்மிதியாகப் போட்டிருந்த காலி மூட்டையை ஷாலினி குனிந்து பார்த்தாள். அதில் ஆங்கிலத்தில் பொடியெழுத்தில் இருந்ததைப் படித்தாள். மீன்களுக்கு நோய் வராமலிருக்க என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. மனிதர் உண்ணக்கூடாது என்றும் இருந்தது. அப்பா, இது பெரிய லஃப்டா ஆகிவிடும், உடனே நிறுத்து என்றாள். மூட்டை தீர்ந்ததும் நிறுத்திவிடலாம் என்றார் சுயம்பு. அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள்.

அந்த வாரமே விஜயலட்சுமியின் பையனுக்கு உடம்பெல்லாம் தடித்து வாந்தி நிற்காமல் போனது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்ன சாப்பிட்டான் என்று டாக்டர் கேட்டபோது, சோறும் கூனித் துவையலும் என்று விஜயலட்சுமி சொன்னாள். அப்படியானால் அது காரணமாயிருக்காது என்று அவர் வேறு எதையெதையோ சோதித்தார். பையன் பிழைத்து வந்தான். கழுத்து எலும்பு தெரிய வாசலில் உட்கார்ந்திருந்தான். சுயம்பு அந்தப் பக்கமாகப் போவதைத் தவிர்த்தார். ஆனால் விஜயலட்சுமியே கடைக்கு வந்தாள். பிள்ளைக்கு வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை, அந்தப் பொடியில் கொஞ்சம் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டாள்.

சுயம்பு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அவரைத் திட்டவில்லை. சத்தமும் போடவில்லை. இனிமே வேற என்ன அண்ணாச்சி குடுக்க என்று கேட்டாள். அன்று சாயங்காலம் மிச்ச மூட்டைகளை அவரும் ஆறுமுகத்தாயுமாக இழுத்துப்போய்க் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். ஷாலினியும் ஒரு பக்கம் பிடித்தாள்.

தீவன விற்பனை ஒரேயடியாக நின்றுபோனதை ஆணையம் இரண்டே வாரத்தில் கண்டுபிடித்தது. தீவனம் போகவில்லை என்றால் தின்ன மீன் இல்லை என்று பொருள். தாராவியில் அத்தனை மீனும் கொள்ளைநோயில் செத்துவிட்டது என்று முடிவாயிற்று. வெள்ளை உடையும் முகமூடியும் போட்ட ஆட்கள் வந்து டிரம்களில் இருந்த தண்ணீரையெல்லாம் சாக்கடையில் கவிழ்த்து, சந்து முழுக்க பிளீச்சிங் பவுடர் அடித்தார்கள். அன்று முழுவதும் அந்தச் சந்தில் யாருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லை. சுயம்புவின் கடைக்குச் சீல் வைத்தார்கள். வேங்கடசுப்ரமணியன் போனில் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்.

"மனசை விட்டுடாதேங்கோ. இயற்கைக்குக் கொஞ்சம் அவகாசம் குடுக்கணும். இந்த ஏரியாவை மீள்வளர்ச்சி மண்டலம்னு அறிவிச்சிருக்கோம். தாராவியில மீன் வளம் பழையபடி திரும்பி வர்ற வரைக்கும் அங்கே யாரும் மீனோ கருவாடோ விக்கப்படாது. வந்ததும் முதல் லைசென்ஸ் உங்களுக்குத்தான்."

எங்கள் சந்தில் எந்தக் காலத்திலும் மீன் இருந்ததில்லை என்று சுயம்பு சொன்னார். அதனால்தான் அவகாசம் வேண்டியிருக்கிறது என்றார் அவர்.

சுயம்பு இப்போது உல்லாஸ்நகரில் மைத்துனரின் ஸ்டீல் பாத்திரக் கடையில் மூட்டை இறக்குகிறார். காலை ரயிலில் போய் இரவு வருகிறார். விஜயலட்சுமி பையனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே என்ன செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது.

இன்ஸ்பெக்டர் மட்டும் தவறாமல் வருகிறார். மீன்கள் திரும்பி வந்துவிட்டனவா என்று பார்ப்பதற்காக, சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிறார். முதல் தடவை பெண்கள் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சண்டை போட்டார்கள். இப்போது அவர் வந்தால் அவரவர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

போன வாரம் அவர் வந்தபோது டார்ச்சில் சார்ஜ் இல்லை. ஆறுமுகத்தாயின் டிரம்முக்குள் குனிந்து பார்த்தார், இருட்டாக இருந்தது. ஏதாவது தெரிகிறதா என்று அவளிடம் இந்தியில் கேட்டார். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நன்றாக எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவளும் இந்தி கற்றுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்ல சாகேப்" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.